மேலாளர் எகானமியில், நான் பிசினஸ் வகுப்பில்: சரியாகுமா?

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயா, எனக்கு வயது 46. கணவர், இரண்டு பிள்ளைகளுடன் சிங்கப்பூரில், செங்காங்கில் வசிக்கிறேன். துவாஸில் உள்ள ஒரு துல்லியப் பொறியியல் நிறுவனத்தில் பதினொரு ஆண்டுகளாக வேலை. நாங்கள் வாங்கும் இயந்திரங்களைச் சோதித்து ஒப்புக்கொள்வதற்காக ஆண்டுக்கு மூன்று முறை ஜெர்மனிக்குப் போகிறேன். அலுவலகம் முடிந்து வீட்டுக்கு வந்து, பெட்டியை எடுத்துக்கொண்டு நள்ளிரவு விமானம் ஏறுவேன். பிராங்க்பர்ட்டில் விடியற்காலையில் இறங்கி, வாடகைக் காரை எடுத்துக்கொண்டு ஸ்டுட்கார்ட் அருகே உள்ள தொழிற்சாலைக்கு 11 மணிக் கூட்டத்துக்குப் போய்விடுவோம். உடன் வரும் மேலாளருக்கு அங்கே ஓட்டப் பயம். அதனால் ஓட்டுவது நான்தான்.

எங்கள் நிறுவனத்தில் இயக்குநர்களுக்கு மட்டுமே பிசினஸ் வகுப்பு. இரண்டு ஆண்டுகளாக எனக்கு இடுப்பு வலி. கடந்த முறை விமானத்தில் கண்ணை மூடவே முடியவில்லை. என்னிடம் சிங்கப்பூர் ஏர்லைன்சின் வெகுமதிப் புள்ளிகளான கிரிஸ்ஃபிளையர் மைல்கள் ஏறக்குறைய 110,000 இருக்கின்றன. பிப்ரவரிப் பயணத்தில் அவற்றைப் பயன்படுத்தி பிசினஸ் வகுப்புக்கு மாறலாமா? மேலாளர் என்னைவிட ஏழு வயது இளையவர், நல்லவர், எகானமியில்தான் வருவார். அவரைத் தாண்டி நான் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்? சொல்லாமலே மாற்றிக்கொள்ளலாமா? என் கணவரோ, "அந்த மைல்கள் ஜூன் விடுமுறையில் ஜப்பானுக்குப் போக" என்கிறார். ஒருமுறை ஜெர்மன் நிறுவனத்தாரே, "உங்கள் டிக்கெட்டை நாங்கள் உயர்த்தித் தருகிறோம்" என்றார்கள். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆலோசனை சொல்லுங்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டது இருக்கையைப் பற்றி. ஆனால் உங்கள் கடிதத்தில் என்னைத் தடுத்து நிறுத்தியவை வேறு மூன்று சொற்கள்: "வாடகைக் காரை எடுத்துக்கொண்டு". அங்கிருந்தே தொடங்குகிறேன். மேலாளரின் முகம் கோணுமா என்பதை அப்புறம் பார்க்கலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பயண நாளன்று நீங்கள் காலை ஆறரைக்கு எழுந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் துவாஸ் வரை போய் ஒரு முழு நாள் வேலை. மாலையில் வீடு, சமையல், பெட்டி, சாங்கி விமான நிலையம். நள்ளிரவை ஒட்டி விமானம் கிளம்புகிறது. ஏறக்குறைய 13 மணி நேரம் பறந்து பிராங்க்பர்ட்டில் இறங்கும்போது அங்கே காலை ஆறு. சிங்கப்பூரில் பிற்பகல் ஒரு மணி. விமானத்தில் கண் மூடவில்லை என்றால் நீங்கள் முப்பது மணி நேரத்துக்கு மேலாக விழித்திருக்கிறீர்கள். அந்த நிலையில் சாவியை வாங்கி 200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்.

2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு ஆஸ்திரேலியாவில் நடந்தது. 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவர்களைச் சோதித்தபோது, அவர்களுடைய கவனமும் கையின் வேகமும் ரத்தத்தில் 0.05 விழுக்காடு மது இருப்பவரின் நிலைக்கோ அதைவிடக் கீழேயோ இறங்கியிருந்தன. ஜெர்மனியில் வாகனமோட்டிகளுக்கான மது வரம்பும் அதே 0.05தான். அது 17 மணி நேரத்துக் கதை. உங்களுடையது முப்பது. போதாததற்கு, இங்கே இடப்பக்கம் ஓட்டிப் பழகிய கை அங்கே வலப்பக்கம் ஓட்டவேண்டும். ஆட்டோபான் என்னும் அந்நாட்டு விரைவுச்சாலையில் பல பகுதிகளில் வேக வரம்பே இல்லை. மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது பரிந்துரை மட்டும். பிப்ரவரியில் காலை ஏழு மணிக்கும் அங்கே வெயில் எட்டிப் பார்த்திருக்காது. உங்கள் மேலாளர் உண்மையிலேயே நல்லவர் என்றால், நீங்கள் எந்த வரிசையில் உட்காருகிறீர்கள் என்பதைவிட, அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு நீங்கள் எப்படி ஓட்டுகிறீர்கள் என்பதில்தான் அவருக்கு அக்கறை இருக்கவேண்டும்.

ஆக, நீங்கள் வாங்க நினைப்பது தூக்கம். அது பல கடைகளில் கிடைக்கிறது; பிசினஸ் வகுப்பு அவற்றில் விலை கூடிய கடை. எனவே முதலில் மற்ற கடைகளில் ஏறி இறங்கிவிட்டு வருவோம்.

மிக மலிவானது ரயில். பிராங்க்பர்ட் விமான நிலையத்தை ஒட்டியே நெடுந்தூர ரயில்கள் புறப்படுகின்றன. ஸ்டுட்கார்ட்டுக்கு ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கிருந்து தொழிற்சாலைக்கு டாக்சி. ஓட்டும் பொறுப்பு உங்கள் தோளிலிருந்து இறங்கிவிடுகிறது, மேலாளரின் பயமும் தீர்ந்துவிடுகிறது. ஜெர்மன் ரயில்கள் நேரத்துக்கு வரும் என்பது பழைய கதை. இப்போது அடிக்கடி தாமதமாகின்றன. அதனால் கூட்டத்தைப் பிற்பகலுக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். 11 மணிக்குத்தான் கூடவேண்டும் என்று யார் முடிவு செய்தார்கள்? பெரும்பாலும் யாரும் முடிவு செய்திருக்க மாட்டார்கள். ஒருமுறை அப்படி நடந்தது, அதுவே வழக்கமாகிவிட்டது.

இரண்டாவது, ஹோட்டல் அறையை முந்தைய இரவிலிருந்தே பதிவு செய்வது. காலை ஆறு மணிக்கு இறங்குகிறவருக்கு ஹோட்டலில் பிற்பகல் மூன்று மணிக்குத்தான் அறை கிடைக்கும். ஓர் இரவு வாடகையைக் கூடுதலாகக் கொடுத்தால் காலையிலேயே கதவைத் திறந்து உள்ளே போய்க் குளித்து மூன்று மணி நேரம் படுக்கலாம். மனிதவளத் துறையில் இருந்தபோது நான் கையெழுத்திட்ட பயணப் படிவங்களில் இதைக் கேட்டவர்கள் மிகக் குறைவு. கேட்டவர்களுக்கு நான் மறுத்ததில்லை. பிராங்க்பர்ட்டில் பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும் வாரங்களில் மட்டும் அறை வாடகை தாறுமாறாக ஏறும். அறையை ஸ்டுட்கார்ட் பக்கம் எடுத்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஒரு நாள் முன்னதாகவே கிளம்புங்கள் என்று சிலர் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்குச் சனிக்கிழமை இரவே கிளம்பினால் உங்கள் ஞாயிற்றுக்கிழமையை நிறுவனத்துக்கு இனாமாகக் கொடுக்கிறீர்கள் என்று பொருள். ஆண்டுக்கு மூன்று ஞாயிறு. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அது சின்ன விலை இல்லை.

எகானமிக்கும் பிசினசுக்கும் இடைப்பட்ட பிரீமியம் எகானமியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் அதை 2015இல் கொண்டுவந்தது. எகானமியில் இருக்கைக்கு இருக்கை ஏறக்குறைய 32 அங்குலம் என்றால் இதில் 38. சாய்மானமும் கூடுதல், கால் வைக்கவும் இடம் உண்டு. இடுப்பு வலிக்கு நல்லது. ஆனால் படுக்க முடியாது. தூக்கம் வராதவருக்கு அது பாதி மருந்துதான். நிறுவனம் இதைக் கொடுத்தால் மறுக்காதீர்கள். கைக்காசைப் போட்டு வாங்குவதென்றால் யோசியுங்கள்.

இனி நிறுவனத்திடம் கேட்பது. பதினொரு ஆண்டுகளில் ஒருமுறைகூட நீங்கள் வாய்விட்டுக் கேட்டதாகக் கடிதத்தில் இல்லை. நம் ஆட்களிடம் இந்தக் குணம் உண்டு. கேட்டு இல்லை என்று சொல்லிவிட்டால் மரியாதை போய்விடும் என்று, கேட்காமலே சொந்தப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடுவோம். நான் 22 ஆண்டுகள் மனிதவளத் துறையில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு எது காதில் விழும், எது விழாது என்பதைச் சொல்கிறேன்.

"இயக்குநர்களுக்கு மட்டும் ஏன்" என்று தொடங்கும் கடிதம் காதில் விழாது. "விதிவிலக்கு வேண்டும்" என்ற சொற்களைக் கண்டதும் கதவைச் சாத்துவோம். இன்று உங்களுக்குக் கொடுத்தால் நாளை இருபது பேர் வரிசையில் நிற்பார்கள் என்பது முதல் பயம். "என் இடுப்பு வலி" என்று தொடங்கினாலும் சிக்கல்தான். அப்படியானால் உங்களை அனுப்பாமல் வேறு யாரையாவது அனுப்பலாமே என்று ஒரு குறுக்குப் புத்தி வேலை செய்யும். வலிக்கு மருத்துவரின் குறிப்பு இருந்தால் இணைத்துக் கொடுங்கள், ஆனால் இரண்டாவது தாளாக.

முதல் தாளில் நான் மேலே போட்ட கணக்கை அப்படியே போடுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தேன், எத்தனை மணிக்கு இறங்கினேன், எத்தனை கிலோமீட்டர் ஓட்டினேன், எத்தனை மணிக்கு எவ்வளவு மதிப்புள்ள இயந்திரத்துக்கு ஒப்புதல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கடைசி வரி முக்கியம். தூங்காத கண்ணோடு ஒரு தவறான அளவை ஏற்றுக்கொண்டு கையெழுத்திட்டால் அதனால் வரும் நட்டம் எத்தனை டிக்கெட்டுகளுக்குச் சமம் என்று இயக்குநர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் வெளிநாட்டு வேலைப் பயணத்தில் நேரும் விபத்துகளுக்கும் பொருந்தும் என்பது மனிதவளத் துறையினருக்குத் தெரியும். நீங்கள் எழுத வேண்டாம். "ஓட்டுவது நான்தான்" என்ற வரியைப் படித்தாலே அவர்களுக்கு அது நினைவுக்கு வரும்.

கேட்பதையும் அளவாகக் கேளுங்கள். ரயிலும் முந்தைய இரவு அறையும் முதல் கோரிக்கை. போகும் வழிக்கு மட்டும், பிப்ரவரிப் பயணத்துக்கு மட்டும், சோதனை முறையில் பிசினஸ் வகுப்பு என்பது இரண்டாவது. திரும்பி வரும் வழிக்குக் கேட்கவே வேண்டாம். இரண்டில் ஒன்று கிடைக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. போகிற போக்கில், உங்கள் நிறுவனம் சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஹைஃபிளையர் திட்டத்தில் சேர்ந்திருக்கிறதா என்றும் விசாரியுங்கள். அது நிறுவனங்களுக்கான திட்டம். ஊழியர் பறக்கும்போது அவருக்கு மைல்கள் சேருவதோடு நிறுவனத்துக்கும் தனியாகப் புள்ளிகள் சேரும். அந்தப் புள்ளிகளைத் தொடாமலே வைத்திருக்கும் அலுவலகங்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பிரிவில் யாரோ ஒருவருடைய பழைய மின்னஞ்சலில் கடவுச்சொல் தூங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எல்லாவற்றுக்கும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்போது உங்கள் மைல்களைத் தொடலாமா? தொடலாம். ஒரு வழிக்கு மட்டும். ஆனால் சில குழிகள் இருக்கின்றன.

பெரிய குழி டிக்கெட்டின் வகை. நிறுவனங்கள் வழக்கமாக மிக மலிவான எகானமிக் கட்டணத்தில்தான் பதிவு செய்யும். எல்லா விமான நிறுவனங்களிலும் அடிமட்டக் கட்டணங்களுக்குக் கட்டுப்பாடுகள் அதிகம். மைல்களைக் கொண்டு வகுப்பை உயர்த்த முடியாது என்பது பெரும்பாலும் அவற்றில் ஒன்று. மைல்கள் கையில் இருந்தும் டிக்கெட் இடம் கொடுக்காது. டிக்கெட் வழங்கப்பட்ட பிறகு இதைக் கண்டுபிடித்துப் பயனில்லை. பதிவு செய்யும் முகவரிடம் முன்கூட்டியே, "இந்தக் கட்டணத்தில் மைல்களால் உயர்த்த முடியுமா, முடியாது என்றால் அடுத்த கட்டணத்துக்கு எவ்வளவு வித்தியாசம்" என்று கேளுங்கள். வித்தியாசத்தை நீங்களே கட்டுவதாக இருந்தாலும் நிறுவனத்தின் அனுமதி வேண்டும், எழுத்தில் வேண்டும். அது இல்லாவிட்டால் ஆறு மாதம் கழித்துத் தணிக்கையாளர் ஒருவர் உங்கள் டிக்கெட்டைப் பார்த்து, பிசினஸ் வகுப்பில் பறந்தவர் இவர் யார் என்று கேட்பார். பதில் சொல்லிவிடலாம். ஆனால் சொல்லும்படி நேர்வதே ஒரு சங்கடம்.

இன்னொன்று, வேலைப் பயணம் நிலையில்லாதது. இயந்திரம் தயாராகவில்லை, ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள் என்று அங்கிருந்து செய்தி வந்தால் போதும். மைல்களால் உயர்த்தியதை ரத்து செய்தால் கட்டணம் போகக்கூடும், மைல்களைத் திரும்பப் பெற வழி இருக்கும். ஆனால் ஏலம் கேட்டு உயர்த்துவதில் அப்படியில்லை. "இவ்வளவு தருகிறேன், இடம் இருந்தால் கொடுங்கள்" என்று தொகை சொல்லும் முறை இப்போது பல விமான நிறுவனங்களில் இருக்கிறது, அழைப்பு மின்னஞ்சலில் வரும். ஏற்றுக்கொண்டுவிட்டால் பொதுவாகப் பணம் திரும்பாது. தேதி மாறக்கூடிய பயணத்துக்கு அது சூதாட்டம்.

கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ச் சிரித்துப் பேசினால் முகப்பிலேயே இலவசமாக உயர்த்திவிடுவார்கள் என்ற நம்பிக்கை இன்னும் உலவுகிறது. எகானமியில் இடத்துக்கு மேல் விற்றுவிட்ட நாளில் சிலரை முன்னால் நகர்த்துவது உண்டு. அப்போதும் அடிக்கடி பறக்கும் உயர்நிலை உறுப்பினர்களின் பெயர்தான் திரையில் முதலில் வரும். கோட்டுக்கு வேலையில்லை.

மைல்களின் மதிப்பைப் பற்றி நான் வைத்திருக்கும் கணக்கு இது. விமான நிறுவனம் காசுக்கு உயர்த்தித் தருவதாகச் சொல்லும் தொகை எவ்வளவு, அதற்குப் பதில் கேட்கும் மைல்கள் எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். ஓர் எடுத்துக்காட்டுக்கு, 1,500 வெள்ளிக்கு 60,000 மைல்கள் என்றால் ஒரு மைலுக்கு இரண்டரைக் காசு. எனக்கு அது நல்ல பேரம். ஒரு காசுக்கு அருகே இறங்கினால் மைல்களை வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து அதே 1,500 வெள்ளியைத் தூக்கத்தால் வகுங்கள். 13 மணி நேரப் பயணத்தில் ஏறியதும் ஒரு சாப்பாடு, இறங்குவதற்கு முன் ஒரு சாப்பாடு. நடுவில் மிஞ்சுவது எட்டு மணி நேரம். எகானமியில் உங்களுக்கு இரண்டு மணி நேரம் கிடைக்கிறது என்றால், கூடுதலாக வாங்குவது ஆறு மணி நேரம். மணிக்கு 250 வெள்ளி. இந்த விலைக்கு வாங்கிய பொருளைப் படம் பார்த்தும் ஷாம்பெயின் குடித்தும் வீணாக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

அதனால், மாறுவதென்று முடிவு செய்துவிட்டால் ஒழுங்காகத் தூங்குங்கள். பிசினஸ் வகுப்பு டிக்கெட்டுக்குச் சாங்கியில் ஓய்வறை உண்டு. சாப்பாட்டை அங்கேயே முடித்துவிட்டு ஏறுங்கள். ஏறியதும் பணிப்பெண்ணிடம், எதற்கும் எழுப்ப வேண்டாம், இறங்குவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பு ஒரு கோப்பி மட்டும் போதும் என்று சொல்லிவிடுங்கள். சிங்கப்பூர் ஏர்லைன்சின் ஏ350 நெடுந்தூர விமானங்கள் பலவற்றில் பிசினஸ் இருக்கை தானாகப் படுக்கையாகாது. எழுந்து நின்று முதுகுப் பலகையை முன்னால் கவிழ்க்கவேண்டும், படுத்தால் கால் ஒரு மூலைக்குச் சாய்வாகப் போகும். இடுப்பு வலி இருப்பவர் ஒரு தலையணையைக் கூடுதலாகக் கேட்டு முழங்காலுக்குக் கீழ் வைத்துக்கொள்ளுங்கள். கவிழ்ப்பதைப் பணியாளரே செய்து தருவார், கூச்சப்படாதீர்கள்.

நான் மருத்துவன் இல்லை, இருந்தாலும் ஒன்று. நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் ரத்தக்கட்டு ஏற்படும் அபாயம் ஏறக்குறைய இரு மடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. அப்போதும் அது ஏறக்குறைய 6,000 பயணிகளில் ஒருவருக்குத்தான். "எகானமி நோய்" என்று அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், ஆனால் அசையாமல் கிடந்தால் படுக்கையிலும் வரும். விழிப்பு வந்தால் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டுப் படுங்கள்.

இப்போது மேலாளர். சொல்லாமலே மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டீர்கள். கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2006இல் இரண்டு மூத்த அதிகாரிகளுடன் லண்டன் போனேன். முகப்பில் மலிவாக ஓர் இடம் இருக்கிறது என்றார்கள். கார்டை நீட்டினேன். அவர்கள் ஏற்கெனவே உள்ளே போயிருந்தார்கள், யாருக்கும் தெரியப்போவதில்லை என்று நினைத்தேன். நடு இரவில் அவர்களில் ஒருவர் கால் மரத்துப்போய் நடந்து வந்திருக்கிறார். திரைச்சீலை பாதி திறந்திருந்தது. போர்வைக்குள் நான். அவர் ஒன்றும் கேட்கவில்லை, லண்டனில் இருந்த நான்கு நாளும் கேட்கவில்லை. அடுத்த வரவுசெலவுக் கூட்டத்தில், பயணப்படியைக் குறைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, "குறைக்கலாம், நம் ஆட்களுக்கு வசதி இருக்கிறது" என்று ஒரே வரி. என்னைப் பார்க்கக்கூட இல்லை. எல்லாருடைய படியும் குறைந்தது. அதற்குக் காரணம் நான்தான் என்று என் சகாக்களுக்கு இன்றுவரை தெரியாது. இப்போது தெரிந்திருக்கும்.

இருக்கையால் அவர் கோபப்படவில்லை. ஒளித்ததைத்தான் அவர் பார்த்தார். ஆகவே நீங்கள் டிக்கெட் பதிவாகும் நாளிலேயே, பக்கத்தில் வேறு யாரும் இல்லாதபோது, இரண்டு வரியில் சொல்லிவிடுங்கள்: "கடந்த முறை தூங்காமல் ஓட்டியது எனக்கே பயமாக இருந்தது. இந்த முறை என் சொந்த மைல்களைப் போட்டுப் போகும்போது மட்டும் படுத்துக்கொண்டு வருகிறேன், நிறுவனத்துக்குச் செலவில்லை." அவ்வளவுதான். மன்னிப்புக் கேட்கும் குரல் வேண்டாம். வயதைப் பற்றியோ வலியைப் பற்றியோ நீட்ட வேண்டாம். "உங்களுக்கு ஒன்றும் இல்லையே?" என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்கு அவர் "இல்லை" என்று சொல்லித்தான் ஆகவேண்டும், அப்படிச் சொல்லவைப்பதே அவருக்குப் பாரம். ஓட்டப் பயப்படுகிறவர் அவர்தானே. சாரதி தூங்கிவிட்டு வருவது அவருக்கும் லாபம்.

சில சின்ன விஷயங்களும் உண்டு. சாங்கியில் உங்களுக்கு முன்வரிசையில் பெட்டி கொடுக்கும் வசதி இருந்தாலும், இருவரும் சேர்ந்து வந்தால் அவருடனே நின்று பெட்டியைக் கொடுங்கள். இறங்கியதும் நீங்கள் முதலில் வெளியே வந்துவிடுவீர்கள். பெட்டி வரும் இடத்தில் காத்திருங்கள், இரண்டு கோப்பி வாங்கி வைத்திருந்தால் இன்னும் நல்லது. பிசினஸ் வகுப்பில் கொடுக்கும் காலுறையையும் முகப்பூச்சையும் அலுவலகத்தில் யாரிடமும் காட்டாதீர்கள்.

ஜெர்மன் நிறுவனத்தார் சொன்னதை நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது போகிற போக்கில் இல்லை. அவர்கள் விற்பவர்கள், நீங்கள் அவர்களுடைய இயந்திரத்தைச் சோதித்து ஒப்புதல் கையெழுத்துப் போடுகிறவர். அவர்கள் காசில் ஒரு படுக்கை வாங்கிக்கொண்டு போய் அந்தக் கையெழுத்தைப் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று யோசியுங்கள். நம் ஊழல் தடுப்புச் சட்டம் அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தனியார் நிறுவன ஊழியருக்கும் அது பொருந்தும். 100,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும். அவர்கள் கள்ளமில்லாமல், உங்கள் களைத்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். அப்படியே இருக்கட்டும். மழுப்பிச் சிரித்ததோடு விட்டுவிடாதீர்கள். "இப்படி ஒரு முறை சொன்னார்கள், நான் ஏற்கவில்லை" என்று மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். இந்தப் பதிலில் நீங்கள் இன்றே செய்யவேண்டியது இது ஒன்றுதான்.

கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உங்கள் 110,000 மைல்கள் எங்கிருந்து வந்தன என்று பிரித்துப் பாருங்கள். ஜெர்மனிக்குப் போய்வந்ததில் சேர்ந்தவை உங்கள் இடுப்பு சம்பாதித்தவை. கடன் அட்டையில் சேர்ந்தவை வேறு. பொதுவான செலவுக்கு ஒரு வெள்ளிக்கு 1.2 முதல் 1.4 மைல் வரை தரும் அட்டைகளில் ஐம்பதாயிரம் மைல்கள் சேர எத்தனை மாதத்துப் பேரங்காடிச் செலவு, துணைப்பாட வகுப்புக் கட்டணம், பல் மருத்துவர் கட்டணம் போயிருக்கவேண்டும்! அவை உங்கள் பெயரில் இருந்தாலும் வீட்டுக்குச் சொந்தமானவை. முதல் குவியலிலிருந்து எடுங்கள். அது ஒரு வழிக்குப் போதவில்லை என்றால் கணவரிடம் கடனாகக் கேளுங்கள், கேலி இல்லை, கடன்தான். அடுத்த இரண்டு பயணங்களில் சேரும் மைல்கள் குடும்பத்துக்கு என்று சொல்லிவிடுங்கள்.

ஜப்பான் கணக்கையும் இருவரும் உட்கார்ந்து போட்டுப் பாருங்கள். நால்வரும் எகானமியில் போய்வரவே 110,000 மைல்கள் போதாது. இரண்டு பேருக்கே இழுபறி. அதிலும் ஜூன் பள்ளி விடுமுறையில் மைல்களுக்கு ஒதுக்கும் இடங்களுக்குச் சிங்கப்பூரே போட்டி போடும். கிரிஸ்ஃபிளையர் மைல்களுக்கு மூன்று ஆண்டுதான் ஆயுள் என்பதையும் மறக்காதீர்கள். செயலியில் உங்கள் கணக்கைத் திறந்தால் எந்த மாதத்தில் எத்தனை மைல்கள் காலாவதியாகின்றன என்று இருக்கும். ஜூனுக்கு முன்பே சாகப்போகிற மைல்கள் கணிசமாக இருந்தால் வீட்டில் வாதமே முடிந்துவிடும்.

திரும்பி வரும்போது எகானமியிலேயே மேலாளருக்குப் பக்கத்தில் வாருங்கள். வாரக் கடைசியில் வந்து இறங்கும்படி பதிவு செய்யச் சொல்லுங்கள். சாங்கியிலிருந்து செங்காங் இருபது நிமிடம்தான். அன்று சமையலைக் கணவர் பார்த்துக்கொள்ளட்டும்.